கல்மண்டபம் பஸ்ஸில் என் மகள் சொன்ன கதை

பேசவே பேசாத குழந்தை ஒரே ஒரு தடவை பேசி, அந்த ஒரு தடவையும் பெற்றவள் பக்கத்தில் இல்லாமல் போனால், அந்தக் குழந்தை பேசியது என்று வைத்துக்கொள்வதா, பேசவில்லை என்று வைத்துக்கொள்வதா? நான்கு வருடமாக இதை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். சோறு வடிக்கும்போது ஒரு பதில் வருகிறது, துணி அலசும்போது வேறொரு பதில் வருகிறது. இரண்டுமே சரியாகத்தான் படுகிறது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பெரம்பலூரில் பள்ளிப் படிப்பை முடித்தவள். கல்யாணமாகி அரியலூர் வந்த பிறகும், தெருவில் யாருக்காவது காற்று கருப்பு என்று சொல்லி வேப்பிலை ஒடிக்கப் போனால், ஜுரமாக இருக்கும், டாக்டரிடம் காட்டுங்கள் என்றுதான் சொல்வேன். அதனால் எனக்குத் திமிர் என்று பெயர்கூட உண்டு. இப்போது நானே இந்தப் பத்திரிகைக்கு இப்படி ஒன்றை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் நம்பாவிட்டால் உங்கள் மேல் கோபம் இல்லை, உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் நம்பமாட்டேன்.

என் மகள் பெயர் தேன்மொழி. பெயர் வைத்தபோது யாருக்குத் தெரியும். மூன்று வயது முடிந்தும் அவள் அம்மா என்றுகூடச் சொல்லவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து இழுத்துப் பானையிடம் கொண்டுபோவாள், அவ்வளவுதான். என் கணவர் சிமெண்டு ஆலையில் வேலை பார்க்கிறார். "எங்க சித்தப்பா அஞ்சு வயசுலதான் பேசுனாரு, வுடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நானும் விட்டுத்தான் பார்த்தேன். சிறுவாச்சூர் அம்மனுக்கு வேண்டுதல், திருச்சியில் டாக்டர், எல்லாம் ஆன பிறகு, காது கேட்கிறதா என்றே சந்தேகமாக இருக்கிறது, மெட்ராஸில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால் அவருடைய அக்கா துணைக்கு வந்தார். ஜெயங்கொண்டத்தில் வாழ்க்கைப்பட்டவர், நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அண்ணிக்கு வாய் ஓயாது, பயம் கிடையாது, ஆனால் மெட்ராஸை அவரும் பார்த்ததில்லை. அண்ணியுடைய ஓரகத்தியின் தம்பி, துறைமுகத்தில் வேலை பார்க்கிறவர், ராயபுரத்தில் குடியிருந்தார். ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு அங்கே போய்த் தங்குவது, கல்மண்டபம் என்ற நிறுத்தத்தில் இறங்கி யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், இதுதான் எங்களுக்குத் தெரிந்த வழி. ரயிலில் ராத்திரி முழுக்க நான் கல்மண்டபம், கல்மண்டபம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன், மறந்துவிட்டால் அந்த ஊரில் நாங்கள் எங்கே போவது?

ஒரு விஷயம் இங்கே சொல்ல வேண்டும், பிற்பாடு வேண்டியிருக்கும். எங்கள் பக்கத்தில் சுண்ணாம்புக்கல் வெட்டும் பள்ளங்களிலும் கொல்லைகளிலும் கல்லாகிப் போன கிளிஞ்சல் கிடைக்கும். எத்தனையோ காலத்துக்கு முன்னால் அங்கே கடல் இருந்ததாம், பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொன்னது. நான் அதை வைத்து ஒரு கதை கட்டி வைத்திருந்தேன். எங்கள் ஊரில் இருந்த கடல் ஒரு நாள் மூட்டை கட்டிக்கொண்டு மெட்ராஸுக்குக் குடிபோகிறது. போகிற அவசரத்தில் ஒரு குட்டிக் கிளிஞ்சலை மறந்து விட்டுவிடுகிறது. குட்டிக் கிளிஞ்சல் காத்திருந்து காத்திருந்து கல்லாகிவிடுகிறது. அப்புறம் ஒரு நாள் அம்மாவைத் தேடிப் புறப்பட்டு ரோட்டுக்கு வந்து பஸ்ஸுக்குக் கை நீட்டுகிறது. பஸ் நிற்கிறது. எங்க போகணும் என்று கண்டக்டர் கேட்கிறார். இந்த இடத்தில் எனக்குத் தூக்கம் வந்துவிடும். ஒரு நாளும் இதைத் தாண்டியதில்லை. இருட்டில் தேன்மொழியைக் கட்டிக்கொண்டு அவள் காதோரமாக மூச்சுக் காற்றிலேயே சொல்வேன். கேட்காத பிள்ளையிடம் கதை சொல்கிறாள் என்று யாரும் சிரித்துவிடக் கூடாதே என்று கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

எழும்பூரில் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போனோம். வரிசை, உட்காரு, எழுந்திரு, வேறு கட்டடம், மறுபடி வரிசை. கடைசியில் ஒரு டாக்டர், நல்ல மனிதர், தேன்மொழியை என் மடியில் உட்கார வைத்து முன்னால் பொம்மையைக் காட்டச் சொல்லிவிட்டு, அவளுக்குப் பின்னால் மணி அடித்தார், ஒரு தட்டில் இரும்பால் தட்டினார். நான் திடுக்கிட்டேன். அண்ணி திடுக்கிட்டார். அவள் பொம்மையின் காலை முறுக்கிக்கொண்டிருந்தாள். "கேக்கல போலிருக்கும்மா. நாளைக்கு மெஷின்ல பாத்துட்டு உறுதியாச் சொல்றேன்" என்றார் டாக்டர். நான் தலையாட்டினேன். நாளைக்கு எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று ஒழுங்காகக் கேட்டுக்கொண்டேன். அழக்கூட வரவில்லை, அவ்வளவு அசதி.

அங்கிருந்து எலெக்ட்ரிக் ரயிலில் கடற்கரை நிலையம் போய், பாரிமுனைக்கு நடந்து, பஸ் பிடிக்க வேண்டும் என்றார்கள். ரயிலில் ஏறினோம், சரி. பாரிமுனையில்தான் தலை சுற்றியது. எந்தப் பக்கம் பார்த்தாலும் பஸ். நம்பரைச் சொல்கிறார்களே தவிர ஊரைச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். ஒருவர் அந்தக் கோடி என்றார், அங்கே போனால் இந்தக் கோடி என்றார்கள். அண்ணி ஒரு டைம் கீப்பரிடம், "ஏங்க, எங்கூர்ல ஒரு பஸ்ஸுதான், அது போற எடத்துக்குத்தான் நாங்களும் போவோம். இங்க என்னங்க இம்புட்டு வச்சிருக்கீங்க?" என்று கேட்டே விட்டார். அவர் சிரித்துவிட்டு, அப்போதுதான் வந்து நின்ற ஒரு பஸ்ஸைக் காட்டினார்.

அதற்குள் கூட்டம் அதை மொய்த்துவிட்டது. நாங்கள் செய்தது எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதுதான். அரியலூர் பஸ் ஸ்டாண்டில் பஸ் வந்தால் ஜன்னல் வழியாகத் துண்டைப் போடுவோம், பையைப் போடுவோம், கைக்குழந்தை இருந்தால் குழந்தையையே உள்ளே உட்கார்ந்திருப்பவர்களிடம் நீட்டிவிடுவோம். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், வாங்கி மடியில் வைத்துக்கொள்வார்கள். பிறகு சாவகாசமாக வாசலுக்குப் போய் ஏறுவோம். டிரைவர் டீ குடித்து முடிக்கிற வரைக்கும் பஸ் எங்கே போய்விடப் போகிறது?

ஜன்னலோரம் பூக்கூடையோடு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். அண்ணி, "பாப்பாவக் குடுடி உள்ள, மிதிச்சிப்புடுவாங்க" என்றார். நான் தேன்மொழியைத் தூக்கி நீட்டினேன். அந்த அம்மாள் வாங்கிக்கொண்டார். நாங்கள் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் போவதற்குள் விசில் சத்தம் கேட்டது. பஸ் கிளம்பிவிட்டது.

நான் ஓடினேன். செருப்பு எங்கே கழன்றதென்று தெரியாது. பஸ் திரும்பி மற்ற பஸ்களுக்கு நடுவே போய்விட்டது, எல்லாமே ஒரே நிறம், எது என் பிள்ளை போகிற பஸ் என்று தெரியவில்லை. அண்ணி நடுரோட்டில் பெட்டியைப் போட்டுவிட்டுக் கத்துகிறார். அவள் பெயரைச் சொல்லமாட்டாளே, ஊரைச் சொல்லமாட்டாளே, யார் கூப்பிட்டாலும் திரும்பமாட்டாளே, இதுதான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. காது கேட்கிற பிள்ளை தொலைந்தால் கூப்பிட்டுக் கண்டுபிடிக்கலாம். இவளை எப்படிக் கண்டுபிடிப்பது?

அந்த டைம் கீப்பர்தான் ஓடிவந்தார். "அடுத்த வண்டி அதே வழிதான், ஏறுங்க. ஒவ்வொரு ஸ்டாப்பா பாத்துக்கினே போங்க. இல்லன்னா கடைசி ஸ்டாப்ல வண்டி நிக்கும்" என்று எங்களைத் தள்ளி ஏற்றிவிட்டார்.

அந்தப் பஸ்ஸில் கண்டக்டர் சீட்டை விட்டு எழுந்திருக்கவே இல்லை, காசு கை மாறிக் கை மாறிப் போகிறது, டிக்கெட் கை மாறி வருகிறது. "அண்ணே, இவ புள்ள முன்னாடி போன பஸ்ஸுல போயிடுச்சு, வெரட்டிப் புடிங்கண்ணே" என்று அண்ணி கத்த, "வெரட்டறதுக்கு இது இன்னா போலீஸ் ஜீப்பா? குந்துமா" என்றார். ஆனாலும் டிரைவரிடம் ஏதோ குரல் கொடுத்தார், வண்டி கொஞ்சம் வேகமாகப் போன மாதிரிதான் இருந்தது. ஒரு பக்கம் துறைமுகத்து மதில். மதிலுக்கு மேலே பாரம் தூக்கும் இரும்புக் கைகள், கப்பலின் புகைபோக்கி. வாசல் வருகிற இடத்தில் ஒரு கீற்றுக் கடல் தெரிந்து மறையும். நான் அதற்கு முன் கடலைப் பார்த்ததில்லை. அன்றைக்கும் பார்த்தேன் என்று சொல்ல முடியாது.

ஒவ்வொரு நிறுத்தமாக எட்டி எட்டிப் பார்த்தேன். கல்மண்டபத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பூக்கூடை அம்மாள். தேன்மொழியின் தலையில் ஒரு முழம் கனகாம்பரம் புதிதாக இருந்தது. காலை ஆட்டிக்கொண்டு பன் தின்றுகொண்டிருந்தாள்.

நான் எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. அவளைத் தூக்கி அணைத்துக்கொண்டேன், இரண்டு அடியும் வைத்துவிட்டேன் என்று நினைக்கிறேன். அந்த அம்மாள் என் கையைத் தட்டிவிட்டார்.

"இன்னாத்துக்குமே கொயந்தைய அடிக்கிறே? நீ ஏறாத நின்னுட்டு அத்த அடிப்பியா?"

"நீங்க நல்லா இருக்கணும்மா. எறங்கி ஒக்காந்திருந்தீங்களே" என்று அண்ணி அவர் காலிலேயே விழப்போனார்.

"நான் தண்டியார்பேட்ட போறவ. வண்டிய நிறுத்துன்னு கத்தத்தான் போனேன். இதுதான், 'வுடுங்க, எங்கம்மா அடுத்த பஸ்ஸுல வந்துரும், கல்மண்டபத்துல எறங்கி ஒக்காந்துக்குவோம்'னு சொல்லிச்சு. பெரிய மன்ஷி கணக்கா பேசுதே, சரின்னு எறங்கிக்கினேன்."

எனக்குப் புரியவில்லை. "யாரு சொன்னாங்க?"

"இதுதாம்மே. ஒம் பொண்ணு."

"அது பேசாதுங்க."

"பேசாதா? இதுவா? பாரிஸ் கார்னர்லேந்து வாய மூடல. என் காது வலிக்குது."

அண்ணிக்குக் கோபம் வந்துவிட்டது. "யாருகிட்ட வெளையாடுறீங்க? இதுக்குக் காதே கேக்கலன்னு காலையிலதான் டாக்டரு சொன்னாரு."

"மொதல்ல அந்த டாக்டருக்குக் காது கேக்குதான்னு பாரு" என்றார் அந்த அம்மாள். டீக்கடைக்காரர் சிரித்தார்.

நான் தேன்மொழியின் முகத்தைத் திருப்பி, அம்மா சொல்லு, அம்மா சொல்லு என்றேன். அவள் என் வாயைப் பார்த்தாள். பிறகு பன்னைப் பார்த்தாள். வழக்கமான முகம்தான்.

பொழுதுபோகாமல் கிண்டல் செய்கிறார் என்றுதான் நானும் முடிவு கட்டினேன். போகட்டும், பிள்ளை கிடைத்ததே, போதும் என்று பெட்டியைத் தூக்கப் போனேன். அப்போது அந்த அம்மாள், கோபித்துக்கொண்ட குரலில், தேன்மொழியைப் பார்த்துச் சொன்னார்: "பாரு கண்ணு, நம்ப மாட்டேன்றாங்க. ஹார்பர் கேட்டாண்ட வண்டி நின்னப்ப இன்னா கேட்ட நீயி? 'இதுதான் எங்கூர வுட்டு வந்த கடலா'ன்னு கேட்டியா இல்லியா? உங்க ஊர்ல மின்ன கடல் இருந்துச்சாமே, மூட்ட கட்டிக்கினு பூடுச்சாமே, ஒரு கிளிஞ்சல மறந்துட்டுப் பூடுச்சாமே..."

நான் பெட்டியை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினேன். அண்ணி, "என்னடி சொல்றாங்க இவங்க, என்ன கடலு?" என்று கேட்கிறார். அவருக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அது நான் இருட்டில் மூச்சுக் காற்றில் சொல்லும் கதை.

"அப்புறம்?" என்று கேட்டேன்.

"அப்பால இன்னா, அந்தக் கிளிஞ்சல் பஸ்ஸுல ஏறுது. கண்டக்டர் எங்க போவணும்ன்றான்..."

"அதுக்கு அது என்ன சொல்லுது?"

பூக்காரம்மாள் என்னைப் பார்த்தார். "அத்த மட்டும் என்னாண்ட கேக்காத. அத்த எங்கம்மாவாண்ட நானே சொல்லிக்கிறேன், நீங்க சொல்லாதீங்கன்னு என் கையில அடிச்சி சத்தியம் வாங்கிச்சு. கொயந்த கையில அடிச்ச சத்தியத்த மீறுவனா?"

"அம்மா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும், சொல்லுங்க."

"உம் பொண்ணுதானே, சொல்லும். இன்னாத்துக்குப் பறக்கிற?"

பஸ் வந்துவிட்டது. கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறிவிட்டார். ஏறி ஜன்னலிலிருந்து, "வர்ட்டா கண்ணு?" என்றார். தேன்மொழி அப்போது எதிர்ப்பக்கம் ஒரு ரிக்‌ஷாவை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பிக் கையாட்டினாள். பஸ் கிளம்பினால் தரை அதிரும், அதற்குத் திரும்பியிருக்கலாம். பஸ்ஸைப் பார்த்தால் குழந்தைகள் கையாட்டுவதுதானே. இப்படி எனக்கு நானே நிறையச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்த அம்மாள் ஏதோ ஆவி என்று நினைத்துவிடாதீர்கள். வேர்வையும் வெற்றிலையும் மணக்கிற, கால் வெடித்த, நிஜமான மனுஷி. மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் பாரிமுனையில் தேடினேன். அந்த ஊரில் பூக்கூடை தூக்குகிறவர்கள் எத்தனை பேர், யாரென்று தேடுவது? மெஷின் வைத்துப் பார்த்த டாக்டர், இரண்டு காதும் கேட்கவில்லை, பிறவியிலேயே இப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்றார். நேற்று இவள் பஸ்ஸில் பேசினாளாம் டாக்டர் என்று சொன்னேன். அவர் என்னை இரக்கமாகப் பார்த்தார். "நீங்க கேட்டீங்களாம்மா?" என்றார். இல்லை என்றேன். அதோடு விட்டுவிட்டார்.

ஊருக்கு வந்ததும் அண்ணி எங்கள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் ஜெயங்கொண்டம் போனார். "மெட்ராஸ் பஸ்ஸுல ஏத்துனாத்தான் பேசுமாம், டிக்கெட் எடுத்துக் குடு" என்று தண்ணீர் பிடிக்கும் இடத்தில் இன்றைக்கும் ஜாடை பேசுகிறார்கள். என் கணவர் முழுவதும் கேட்டுவிட்டு, "நீ தூக்கத்துல ஒளறியிருப்ப, ரயில்ல யாராச்சும் கேட்டிருப்பாங்க" என்றார். இருக்கலாம். அன்றைக்கு ரயிலில் நான் கதை சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். சொல்லியிருப்பேனோ என்றும் தோன்றுகிறது.

இப்போது அவளுக்கு ஏழு வயது. இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. ராத்திரியில் அதே கதையைச் சொல்கிறேன், மெட்ராஸிலிருந்து வந்த பிறகு ஒரு நாள்கூட விட்டதில்லை. விளக்கு இருக்காது. என் முகம் அவளுக்குத் தெரியாது. உதடு அசைவதைப் பார்க்க முடியாது. ஆனால் கண்டக்டர் எங்க போகணும் என்று கேட்கிற இடம் வந்ததும் அவள் கை வந்து என் வாயைப் பொத்துகிறது. ஒரு நாள் சோதித்துப் பார்க்கலாமென்று மெதுவாகச் சொன்னேன், ஒரு நாள் நடுவில் வேறு எதையோ சேர்த்து நீட்டினேன். கை சரியாக அந்த இடத்தில்தான் வந்தது. ஒரு தடவை அந்தக் கையை விலக்கிவிட்டு, மெட்ராஸுக்குப் போகணும் என்று கிளிஞ்சல் சொன்னது என்று நானாக ஒரு முடிவைச் சொல்லப் பார்த்தேன். இரண்டு கையாலும் பொத்தினாள். பகலில் அவள் கை இதமாக இருக்கும். அந்த நேரத்தில் மட்டும் கல் மாதிரி சில்லென்று இருக்கிறது. இதை எழுதும்போதும் உதட்டில் அது தெரிகிறது.

வாசகிகளே, உங்களிடம் ஒரு யோசனை கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். திருச்சியில் காது கேளாத பிள்ளைகளுக்கு விடுதியோடு பள்ளிக்கூடம் இருக்கிறது. வருகிற ஜூனில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். நல்ல இடம், போய்ப் பார்த்தேன், பிள்ளைகள் கையாலேயே பேசிச் சிரிக்கிறார்கள். அவளுக்கு அதுதான் நல்லது என்று என் புத்திக்குத் தெரிகிறது. கணவரும் முடிவு செய்துவிட்டார். ஆனால் அங்கே போய்விட்டால் ராத்திரியில் அவள் என் பக்கத்தில் இருக்கமாட்டாள். மிச்சத்தை அம்மாவிடம் நானே சொல்கிறேன் என்று ஒருவர் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிய பிள்ளை, என்றைக்காவது ஒரு ராத்திரி சொல்ல வாயெடுத்து, இரண்டாவது தடவையும் நான் பக்கத்தில் இல்லாமல் போய்விட்டால்?

நீங்களாக இருந்தால் அனுப்புவீர்களா, வைத்துக்கொண்டு காத்திருப்பீர்களா? தெரிந்தவர்கள் எழுதுங்கள். ஜூனுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது.